மாட்டுக் கடன்

தமயந்தியின் கணவன் உயிரோடு இருப்பதால் அவளுக்கு இதுவரை ஏற்பட்ட நஷ்டம் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

சொன்னது தராசு. அதைத் திரையில் காட்டியவன் செழிப்பு நிதி கம்பெனியின் களப்பணியாளன் நவநீதன். காட்டிவிட்டு டேப்லெட்டை அவள் மடிப்பக்கமாக நகர்த்தினான்.

"கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க்கா. மொத்தக் கடனும் தள்ளுபடி."

தமயந்தி தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. குமாரபாளையம் சாயப்பட்டறை வீதியில் பரிமளா வீட்டு முன்னறை. பாயில் ஐந்து பெண்கள். ஆறு வருஷமாக ஒவ்வொரு செவ்வாயும் இதே பாய், இதே ஐந்து பேர். ஐவர் குழுக் கடன். ஒருத்திக்கு மற்ற நால்வரும் ஜவாப்தாரி. இந்தப் பாய்க்கு ஒரு சட்டம் உண்டு. எந்த அரசாங்கமும் போட்டதில்லை, கம்பெனி போட்டது. கடைசி ஆள் தவணையைக் கட்டும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. குழந்தை அழுதாலும், தறிக்கு ஷிப்ட் போனாலும், அடுப்பில் சோறு தீய்ந்தாலும்.

இன்று வசூல் இல்லை. மன்னிப்பு. ஆனாலும் பாய் அதேதான், சட்டமும் அதேதான். மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

சட்டசபையில் கடன் நீதிச் சட்டம் நிறைவேறிய அன்று இந்த வீதியில் சரவெடி கொளுத்தினார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், முதலாளித்துவத்துக்குக் கடைசியில் ஒரு மனசாட்சியைப் பொருத்திவிட்டோம் என்றார். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்: கடன் கொடுத்தவன் அந்தக் கடனால் விளைந்த நன்மைக்கு மட்டும்தான் பணம் கேட்கலாம். கேடு செய்த கடன், கடனே அல்ல. வட்டியாக வாங்கியதைக்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நன்மையா கேடா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் மாற்று வாழ்வு மதிப்பீட்டுப் பொறி. பெயர் வாயில் நுழையாததால் ஊர் அதைத் தராசு என்று கூப்பிட்டது.

போன வாரம் நவநீதன்தான் விளக்கினான். சின்ன வயசு, பொறுமைக்காரன், வசூலுக்கு வந்த நாளிலும் குரலை உயர்த்தாதவன்.

"உங்க போன், ரேஷன், ஆசுபத்திரிச் சீட்டு, தறிச்சம்பளம் எல்லாம் அதுக்குத் தெரியும். உங்களாட்டமே இருக்கற இருபதாயிரம் பேரு வாழ்க்கையும் தெரியும். அதையெல்லாம் வெச்சு, இந்தக் கடனை வாங்காம இருந்திருந்தா நீங்க இன்னிக்கு எப்படி இருப்பீங்கன்னு போட்டுக் காட்டுமுங்க. அந்த உங்களையும் இந்த உங்களையும் ரெண்டு தட்டுல வெக்கும். எது கனமோ அதுதான் தீர்ப்பு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல், மாடு.

செழிப்பு நிதி வைத்தியத்துக்குக் கடன் கொடுக்காது. படிப்புக்கு, கூரைக்கு, கல்யாணத்துக்குக் கொடுக்காது. வருமானம் தரும் தொழிலுக்கு மட்டுமே கொடுக்கும். ஆகவே வீதியில் எல்லோருமே விண்ணப்பத்தில் கறவை மாடு என்று எழுதினார்கள். எழுதச் சொன்னதே அன்றைய களப்பணியாளன்தான். அத்தாட்சிக்கு மாட்டின் பக்கத்தில் நின்று ஒரு படம். வீதியில் இருந்தது ஒரே மாடு, பரிமளாவின் செவலை. நாற்பது பெண்களின் கடன் கோப்பில் நாற்பது மாடுகள் நின்றன. நாற்பதும் அந்தச் செவலைதான். ஆள் மாற மாற அது அலுத்துப்போய், படத்துக்குப் படம் ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

ஆகவே தராசு முதலில் நிறுத்தபோது எல்லோருக்கும் நன்மை என்றே வந்தது. கறக்காத பாலுக்கு லாபம் போட்டது.

உண்மையை எழுத அரசாங்கம் ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. பழைய பொய்க்கு மன்னிப்பு உண்டு. குழுவில் ஐந்து பேரும் சேர்ந்து திருத்த வேண்டும். ஒருத்தி விலகினாலும் ஐவருக்கும் செல்லாது. அவகாசம் இன்று மாலை ஐந்து மணியோடு சரி.

எல்லோரும் உண்மையை எழுதினார்கள். தராசு மறுபடி நிறுத்தது. பரிமளாவின் கடன் மகளின் இன்ஜினீயரிங் படிப்புக்குப் போனது. மகள் வேலை கிடைக்காமல் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறாள். மகள் படித்தது கேடு என்று தராசு சொன்னது. பரிமளா ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். ருக்குமணிக்குக் கூரை மாற்றியது கேடு. நாலாமவளுக்கு மூன்றாம் பிரசவம் கேடு; அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே போட்டாள். ஐந்தாமவள் ஜாமீனில் கொழுந்தனை எடுத்திருந்தாள். அது கேடு என்று வந்ததும், இதைச் சொல்ல மிஷின் எதுக்கு, நானே சொல்லியிருப்பேனே என்றாள். பாயில் அன்று எழுந்த ஒரே சிரிப்பு அது.

தமயந்தியின் கடன் செங்கோட்டுவேலுவின் இதயத்துக்குப் போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வால்வு மாற்றிய ஆபரேஷன். அதன்பிறகு அவனால் தறியில் நிற்க முடியவில்லை. மாத்திரை, பரிசோதனை, மறுபடி கடன். வீட்டுப் பத்திரம் கம்பெனியில். போன மாதம் ஜப்தி நோட்டீசும் வந்தாயிற்று.

திரையின் வலது பாதியில் இன்னொரு தமயந்தி இருந்தாள். கடன் வாங்காதவள். அவளுடைய கணவன், ஆபரேஷன் நடந்த வருஷத்துத் தை மாதமே இறந்திருந்தான். தறித் தொழிலாளர் நல வாரியத்திலிருந்து இறப்பு உதவித்தொகை. விதவை ஓய்வூதியம். திருப்பூரில் வேலை, வீட்டில் பத்திரம், கையில் இரண்டு பவுன் வளையல். இரத்த அழுத்தம் இல்லை. சராசரித் தூக்கம் ஏழு மணி நேரம்.

தமயந்திக்கு அந்தப் பெண்மேல் வந்த ஆத்திரம் இன்னதென்று சொல்ல முடியாது. தூங்குகிறாளாம், ஏழு மணி நேரம்.

"தம்பி, எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்கறது லாபக் கணக்குல வராதா?"

நவநீதன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "கடன் உங்க பேர்லீங்க்கா. தராசு உங்களைத்தான் நிறுக்கும். அவரு உசுரு அவரு கணக்கு."

"நான் போடலை."

பதினொன்றரை ஆனது. பன்னிரண்டரை ஆனது. ருக்குமணி தறிக்குப் போக வேண்டும் என்று முனகினாள். நாலாமவளின் பிள்ளை பசித்து அழுதது. போடாதே என்று சொல்லவும் ஆளில்லை, போடு என்று முகத்துக்கு நேரே சொல்லவும் ஆளில்லை. ஐந்தாமவள் மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல, புருசன் மேல ஆசைன்னா வீட்டுல காட்டிக்கணும், எங்க தலையில எதுக்கு என்றாள்.

பரிமளா மூக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் கை அங்கே போயிருக்கலாம். ஆபரேஷன் நடந்த வருஷம், தமயந்தி தவணை கட்ட வழியில்லாமல் இதே பாயில் மாலைவரை எல்லோரையும் உட்கார வைத்த ஒரு செவ்வாயன்று, பரிமளா தன் மூக்குத்தியைக் கழற்றி அடகுக்கு அனுப்பினாள். அது மீளவில்லை. திருப்பிக் கேட்டதும் இல்லை. அந்த ஓட்டையில் இப்போது ஒரு துடைப்பக் குச்சி இருந்தது.

தமயந்தி அந்தக் குச்சியைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. செங்கோட்டுவேலு. பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் போன் பண்ணியது என்று தமயந்தி கேட்கவில்லை. கேடு என்று வந்தது கணவனைப் பற்றியதானால் அவன் கையெழுத்தும் வேண்டும் என்பது கம்பெனி விதி. எப்படியும் வந்திருக்க வேண்டியவன்தான். உள்ளே வந்து, பாயின் ஓரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்துவிட்டு டேப்லெட்டை வாங்கினான். எழுத்துக் கூட்டி, வாய்விட்டே படித்தான்.

"கடனால் விளைந்த கேடு: கணவர் உயிருடன் நீடித்தல்." தலையை ஆட்டினான். "நம்ம கம்பெனிக்காரனுங்க நல்லாத்தான் தமிழ் எழுதறானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவன் வலது பாதிக்குப் போனான். வளையலைப் பார்த்தான். தூக்கத்தைப் பார்த்தான். கடைசி வரியில் விரல் நின்றது. மறுமண வாய்ப்பு, முப்பத்தொரு சதவீதம்.

"யாரு அம்மணி அந்த முப்பத்தொண்ணு?"

தமயந்தி அவன் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாமுங்க. எந்திரிங்க, போலாம்."

"எங்க போறது? வீட்டைத்தான் எடுத்துக்கப் போறானே." பேனாக் குச்சியை எடுத்துத் திரையில் தன் பெயரை எழுதினான். தறிக்காரக் கை, எழுத்து கோணல். "எழுதினா நான் செத்தா போயிருவேன்? வெறும் எழுத்துப் புள்ள. மாடுன்னு எழுதினோம், மாடு வந்துதா?"

தமயந்தி கையெழுத்துப் போட்டாள். திரை பச்சையாயிற்று. ஐந்து பெண்களும் எழுந்தார்கள். எழும்போது ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடன் போயிற்று. பத்திரம் வந்தது. கட்டிய வட்டியில் தொண்ணூறாயிரம் திரும்பி வந்தது. அந்த வருஷம் தீபாவளிக்குச் சாயப்பட்டறை வீதியில் எண்ணெய்ப் பலகாரம் மணந்தது. செங்கோட்டுவேலுவுக்கு டீக்கடையில் புதுப் பெயர் விழுந்தது: லாஸு. லாஸு வர்றான், பெஞ்சுல இடம் விடு. அவனும் ரசித்தான்; பதினொரு லட்ச ரூபாய் ஆளு நானு, நீங்கெல்லாம் எத்தனை தேறுவீங்க என்று திருப்பிக் கேட்டான்.

பரிமளாவுக்கு மூக்குத்தி வாங்கித் தர வேண்டும் என்று தமயந்தி ஆரம்பித்தாள். பரிமளா மறுத்துவிட்டு, மகளோடு திருப்பூருக்கே குடிபோகப் போவதாகவும், செவலையை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னாள். செங்கோட்டுவேலு அங்கேயே விலை பேசினான். எழுதியபடி ஒரு தடவையாவது நடந்துகொள்வோமே என்றான். அப்படியாக, ஆறு வருஷம் கழித்து, விண்ணப்பத்தில் எழுதிய மாடு தமயந்தி வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தது. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கறந்தது. தமயந்தி சில இரவு ஆறு மணி நேரம்கூடத் தூங்கினாள். வலது பாதிக்காரிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி என்று நினைத்துக்கொள்வாள்.

பத்து மாதம் ஓடியது. ஆடியில் அவனுக்குக் கால் வீங்கியது. மாடிப்படி ஏற முடியாமல் போனது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வால்வு கசிகிறது, மூன்று மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்றார்கள். முதல் தடவை பாதிச் செலவைக் கொடுத்த அரசுக் காப்பீடு, ஒரு ஆளுக்கு ஒரு வால்வோடு சரி. கையிலிருந்து மூன்று லட்சம் கட்ட வேண்டும்.

தமயந்தி நேராகச் செழிப்பு நிதி அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. நவநீதன் எழுந்து நின்று வரவேற்றான். இப்போது கிளை மேலாளர். இப்போதெல்லாம் வைத்தியத்துக்கும் கடன் உண்டு என்று சொன்னபோது அவளுக்கு உயிர் வந்தது. அவன் விவரங்களைத் தட்டினான். திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தான்.

"கொடுக்க முடியாதுங்க்கா."

"ஏனுங்க தம்பி?"

"கேடுன்னு நிரூபணமான காரியத்துக்கு மறுபடி கடன் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம். உங்களைக் காப்பாத்தத்தான் அந்த விதி. பழைய காலத்துல கம்பெனிக்காரங்க, மூழ்கறவங்க தலையிலேயே கடன் மேல கடனா ஏத்துவாங்கல்லீங்க, அது நடக்கக் கூடாதுன்னு." திரையை அவள் பக்கம் திருப்பினான். கோணல் கையெழுத்து ஒன்று, அதன்கீழ் நேர் கையெழுத்து ஒன்று. "நீங்களே ஒத்துக்கிட்டு இருக்கறீங்க. ரெண்டு பேரும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். மாடு என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். இப்போது நிஜமாகவே மாடு இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கட்டும் என்றாள். அவன் பதறிப்போனான். மன்னிப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் நோக்கத்தை மாற்றி எழுதினால் மூன்று வருஷம் உள்ளே இருக்க வேண்டும், அக்கா, அந்தப் பேச்சே வேண்டாம் என்றான். அவள் போகும்வரை நின்றுகொண்டேயிருந்தான். மரியாதைக்குக் குறைவில்லை.

உறவில் கேட்டாள். தறி முதலாளியிடம் கேட்டாள். வீட்டை அடகு வைக்கலாமென்று வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போனாள். எல்லோரிடமும் ஒரே தராசு. ஆளைப் பார்க்கும் முன்பே திரை பார்த்தார்கள், திரை பார்த்தபின் ஆளைப் பார்க்கவில்லை. வீட்டை விற்கலாம் என்றால், செங்கோட்டுவேலு அதற்கு மட்டும் ஒப்பவில்லை. விட்டுத் தொலை புள்ள, அந்த வளையல்காரி நல்லாத்தானே இருக்கறா என்றான். அன்று முழுக்க தமயந்தி அவனோடு பேசவில்லை.

நாலாம் நாள் காலை, அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது நவநீதனின் பைக் வந்து நின்றது. செவலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நல்ல மாடு என்றான். கொம்பைத் தொட்டுப் பார்த்தான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். வாசலில் குந்தி, சத்தமில்லாமல் சொன்னான். சட்டம் வந்த முதல் வருஷம் கம்பெனிக்குப் பெரிய அடி. வைத்தியம், படிப்பு, கூரை, எதற்குக் கொடுத்தாலும் கேடு கேடு என்று வருகிறது. தள்ளுபடி செய்து மாளவில்லை. மேலே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. மாட்டை மட்டும் தராசு ஒருநாளும் கேடு என்று சொல்வதில்லை. ஆகவே இந்த மாதத்திலிருந்து எல்லாக் கிளைக்கும் உத்தரவு. யார் எதற்குக் கேட்டாலும் மாடு.

"பொய்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணுங்க கதி?"

"தெரியாதுங்க்கா. தெரியணும்னா அவங்களேதான் வந்து சொல்லணும். இப்ப மன்னிப்பும் கெடையாது. எப்படிச் சொல்லுவாங்க?"

தமயந்தி பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படத்தைத் தராசு ஒத்துக்காதுங்க. நெச மாடு, நெச வெயிலு, நெச ஆளு வேணும். யாரு மாடுன்னு கேக்க அதுக்கு விதியில்லை. சுத்துவட்டாரத்துல மாடு வெச்சிருக்கறவங்க இப்ப யாருங்க்கா? ஒரு படத்துக்கு ஐநூறு ரூபா. கையில கொடுத்தர்றேன், பேர் எங்கியும் வராது." சற்று நிறுத்தினான். "மாமாவை நெனச்சுத்தான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன்."

அதில் பொய் இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அதுதான் இன்னும் சகிக்கவில்லை.

உள்ளே செங்கோட்டுவேலு இருமினான். இருமல் முடிந்தபின் மூச்சு திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை அவள் எண்ணினாள். இப்போதெல்லாம் எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அப்படியே மனசு இன்னொரு கணக்கையும் போட்டது. மூன்று லட்சம். படம் ஐநூறு. அறுநூறு பெண்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வேன் வந்தது. முதல் நடையில் பதினைந்து பேர். பக்கத்து ஊர்ப் பெண்கள், கையில் ஆதார் அட்டையும் முகத்தில் புதுப் பவுடருமாக, வேலியோரம் வரிசையில் நின்றார்கள். பத்துப் படத்துக்கு ஒருமுறை கொம்புச் சாயத்தை மாற்ற வேண்டும் என்று நவநீதன் சொல்லியிருந்தான். மூன்று டப்பா தயாராக இருந்தது. சிவப்பு, நீலம், பச்சை. செங்கோட்டுவேலு கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்று ஒரு கேலியும் பேசவில்லை.

வரிசையில் முதல் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். எதற்குக் கடன் என்று கேட்கத் தமயந்திக்கு வாய் வரை வந்தது. ஐந்து வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள். இவள் போனால் ஐநூறு. மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போனால் எல்லாமே.

பெண் தயங்கித் தயங்கி மாட்டின் பக்கம் வந்தாள். புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டுமாக்கா?"

செவலை வழக்கம்போல ஆகாயத்தைப் பார்த்தது.

"முட்டாது," என்றாள் தமயந்தி. கயிற்றை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "கிட்டக்க வந்து நில்லு சாமி. உன்ற மாடாட்டம் புடிச்சுக்கோ."